மூடிய கடலில் மூன்று மூட்டை

அத்தியாயம் 11

போன வாரம் படிக்காமல் விட்டவர்களுக்காக இரண்டு வார்த்தை. எங்கள் ஊர்த்தலைவர் கண்ணை மூடினார். அவருக்காக ஊருக்கு முன்னால் இருக்கிற பவளத்திட்டையும் மூடினோம். திட்டின் நடுவில் கம்பம் நட்டு, தென்னை ஓலை கட்டி, நூறு இரவுக்கு அங்கே ஒருத்தரும் வலை போடக் கூடாது, கால்கூட நனைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு. நூறாவது இரவு வருகிற சனிக்கிழமை. அன்றைக்குக் கடல் திறக்கும். முதல் நாள் பிடிப்பதெல்லாம் செத்தவருடைய விருந்துக்கு. விருந்து முடிந்ததும் அவருடைய மூத்த மகன் கலியோவா அப்பாவின் இடத்தில் உட்கார வேண்டும்.

அந்தக் கலியோவா லம்பாசா டவுனுக்குப் போய், கடல் அட்டை வாங்குகிற வியாபாரிக்குக் கைகொடுத்துவிட்டு வந்ததோடு நிறுத்தியிருந்தேன். மற்ற திட்டுகளில் இருந்த அட்டையை எல்லாரும் வழித்தெடுத்தாயிற்று. மிச்சம் இருந்தது ஒரே இடம்தான். எந்த இடம் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது. நானும் அந்த ஊருக்கு வாக்கப்பட்டுப் போனவள்தான். அன்றைக்கு அங்கேதான் இருந்தேன்.

*

வேதக்கோயில் முரசு இன்னும் அடிக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் இரண்டு பெண்கள் குழி அடுப்பில் கல்லைச் சுடவைத்து, வாழை இலை பரப்பி, கிழங்கை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கலியோவாவின் மனைவி லூசியானா. இன்னொருத்தி அவன் தங்கை வலேசி. வலேசியைக் கட்டிக்கொடுத்தது மலைக்கு அந்தப் பக்கம். அப்பாவின் நூறு இரவுக்குப் பாய் முடைவதற்காக வந்து தங்கியிருந்தாள்.

"என்ன அண்ணி, மண்ணோட கிழங்கைப் போடறீங்க? எங்கப்பா இருந்திருந்தா இந்த இலையை உங்க தலையிலயே கவுத்திருப்பாரு."

"அடி போடி. மாமாவுக்கு என் சமையல்தான் உசுரு. நீ வந்து ஒரு வாரம் சமைச்சுப் போட்ட பாரு, அதுலதான் மனுஷன் படுத்தாரு."

நூறு இரவு முடிகிறவரை சத்தமாகச் சிரிக்கக் கூடாது. இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

"ஆம்பளைங்க எங்க அண்ணி? எந்திரிச்சதிலேர்ந்து ஒருத்தரையும் காணோம்."

"தோட்டத்துக்குப் போயிருப்பாங்க."

"ஞாயித்துக்கிழமையிலயா?"

"எனக்கென்னடி தெரியும்? உங்கண்ணன்கிட்ட நீயே கேளேன்" என்று சொல்லிவிட்டு லூசியானா கண்ணடித்தாள்.

வலேசி கேட்க மாட்டாள் என்பது அவளுக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் கூடப்பிறந்த ஆணும் பெண்ணும் வயதுக்கு வந்தபின் முகம் பார்த்துப் பேசிக்கொள்வதில்லை. கோபம் ஒன்றும் இல்லை. அதுதான் மரியாதை, அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. அண்ணன் வீட்டுக்குள் வந்தால் தங்கை எழுந்து அந்தப் பக்கம் போய்விடுவாள். சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் அண்ணி மூலமாகப் போகும், அண்ணி மூலமாகத் திரும்பி வரும். கடைக்குட்டி ராவுவாமாவை வலேசிதான் தூக்கி வளர்த்தாள். தாய் இல்லாத பிள்ளை, இவள் இடுப்பைவிட்டு இறங்கியதே இல்லை. அவனோடுகூட, அவனுக்கு மீசை அரும்பிய நாளிலிருந்து இவளுக்குப் பேச்சில்லை.

லூசியானாவின் பார்வை அடுப்பைத் தாண்டி, பாதியில் நின்ற செங்கல் சுவருக்குப் போயிற்று. கலியோவா கட்டுகிற புது வீடு. மாமனார் வீட்டைவிட இரண்டு பங்கு நீளம். சுவர் இடுப்பளவு எழும்பி, அதற்குமேல் சிமெண்டுக்கு வழியில்லாமல் நின்று, இப்போது அதன்மேல் கோழி உட்காருகிறது.

"சனிக்கிழமைக்கு அப்புறம் பாரு வலேசி. கண்ணாடி ஜன்னல் வைக்கப் போறேன். நீ வந்து உன் மூஞ்சிய அதுல பாத்துக்கலாம்."

"என் மூஞ்சியப் பாத்தா கண்ணாடி விரிசல் விட்டுரும் அண்ணி. முதல்ல கோழிய விரட்டுங்க."

*

இரண்டு அண்ணன் தம்பிகளும் தோட்டத்துக்குப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் ஒரு படகுகூடக் கடலில் இறங்காது. அதனால்தான் கலியோவா அந்த நாளைத் தேர்ந்தெடுத்தான். சதுப்புமரக் காட்டுக்குள் ஒரு கம்ப்ரசரை ஒளித்து வைத்திருந்தான். வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கிற கம்ப்ரசர் அது. அதில் ஒரு நீளமான குழாயைச் சொருகி, குழாயின் முனையை வாயில் கடித்துக்கொண்டு இறங்கினால் ஆழத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். அரசாங்கம் தடை செய்த வேலை. ஏன் தடை செய்தார்கள் என்று தெரிந்துகொள்ள அவன் அக்கறைப்படவில்லை. வெள்ளை அட்டைக்குத்தான் விலை, வெள்ளை அட்டை திட்டின் வெளி விளிம்புக்குக் கீழே ஆழத்தில்தான் கிடக்கும். அவனுக்கு அது தெரிந்தால் போதும்.

இறங்கியது அவன் இல்லை. கடைக்குட்டி ராவு.

ராவுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர் ரக்பி டீமில் அவனைவிட வேகமாக ஓடுகிறவன் கிடையாது. மைதானத்தில் அவன் ஓட ஆரம்பித்தால் எதிர் டீம் பையன்கள் இடுப்பில் கைவைத்து நின்றுவிடுவார்கள், துரத்தி என்ன பிரயோஜனம் என்று. தலைநகரம் சுவாவிலிருந்து டீமுக்கு ஆள் எடுக்கிற ஒருத்தர் வந்து பார்த்துவிட்டு, மழைக்காலம் முடிந்ததும் அனுப்பி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். வெள்ளந்தியான பையன். அண்ணன் குதி என்றால் குதிப்பான்.

"அப்பாவோட கம்பம்ண்ணா அது" என்றுதான் முதலில் தயங்கினான்.

"அப்பாவோட விருந்துக்குத்தாண்டா இதெல்லாம். ஊரே மூக்குல விரல வைக்கிற மாதிரி பன்னி அடிச்சுப் போட வேணாமா? இறங்கு."

இறங்கினான். ஒரு மூட்டை. மேலே வந்து மூச்சு வாங்கினான். திரும்ப இறங்கினான், இரண்டாவது மூட்டை. தோள்பட்டை குடைகிறது என்றான்.

"குடையாம என்ன செய்யும், நேத்து விளையாடினேல்ல? இன்னும் ஒண்ணு. அதோட போதும்."

மூன்றாவது மூட்டையோடு வந்தபோது ராவுவின் உதடு வெளுத்திருந்தது. உள்ளங்காலில் எறும்பு ஊருகிறது என்று சொல்லிச் சிரித்தான். அண்ணனும் சேர்ந்து சிரித்தான். பகலில் அட்டையை ஊருக்குள் கொண்டுபோக முடியாது. மூன்று மூட்டையையும் வாய் கட்டி, தண்ணீருக்குள்ளேயே, அப்பாவுக்காக நட்ட அந்தக் கம்பத்தின் அடியிலேயே கட்டிவைத்தான். என்ன மனுஷன் பாருங்கள்!

*

கடைசிப் பாட்டு பாடிக்கொண்டிருந்தபோது கலியோவா கோயிலுக்குள் வந்தான். வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை எல்லாம் சரியாக இருந்தது. தலை மட்டும் ஈரம். குளித்துவிட்டு வந்திருப்பான் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

பாட்டு முடிந்து வெளியே வந்ததும் கூச்சல் கேட்டது. கலியோவா வீட்டுக்குப் பின்னால் பலாப்பழம் மாதிரி காய்க்குமே அந்தச் சீமைப்பலா மரம், அதன் அடியில் ராவு கிடந்தான். படகிலிருந்து வீடு வரைக்கும் நடந்து வந்தவன், அந்த இடத்தில் கால் மடங்கி விழுந்திருக்கிறான். எழுந்திருக்க முயன்றான், இடுப்புக்குக் கீழே அசையவில்லை.

"மரத்துலேர்ந்து விழுந்துட்டான்!" என்றான் கலியோவா, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே. "சாப்பாட்டுக்குக் காய் பறிக்க ஏறினான். ஞாயித்துக்கிழமை ஏறாதடான்னு சொன்னேன், கேக்கல."

ராவு கண்ணை மூடிக்கொண்டான்.

கதவுப் பலகை ஒன்றைக் கழற்றி அவனைக் கிடத்தி, நர்ஸ் உனாய்சி இருக்கிற சின்ன வைத்தியசாலைக்குத் தூக்கிப் போனோம். உனாய்சி வேறு தீவுக்காரி. மூன்று வருஷமாக எங்கள் ஊரில் இருக்கிறாள், எதையும் சுற்றி வளைக்காமல் பேசுகிறவள். ராவுவின் காலைத் தட்டிப் பார்த்தாள், ஊசியால் குத்திப் பார்த்தாள். அவன் தலையை முகர்ந்தும் பார்த்தாள்.

"மரத்துலயா விழுந்தான்?"

"மரத்துலதான்" என்றான் கலியோவா.

"கடலுக்குள்ள எறங்கலையே?"

"என்ன பேச்சு நர்ஸம்மா இது? ஞாயித்துக்கிழமை. எங்கப்பா மூடின கடல். வேதப்புத்தகத்து மேல சத்தியம் பண்ணட்டுமா?"

"எனக்குச் சத்தியம் வேணாம். உண்மையச் சொன்னாப் போதும். மரத்துலேர்ந்து விழுந்திருந்தா முதுகெலும்பு முறிஞ்சிருக்கலாம். அப்ப இவன ஒரு இஞ்ச் அசைக்கக் கூடாது. நாளைக்கு ஆஸ்பத்திரிக்காரங்க படகு வந்து எடுத்துக்கிட்டுப் போகணும். ஆனா ஆழத்துல காத்து இழுத்து, சட்டுனு மேல வந்திருந்தா அது வேற. உடம்புக்குள்ள காத்து அடைச்சிருக்கும். இப்பவே, இந்த நிமிஷமே படகுல ஏத்தணும். சுவாவுல அதுக்குன்னு ஒரு இரும்பு அறை இருக்கு, அதுக்குள்ள வெச்சாத்தான் கால் திரும்பும். ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. எது? யோசிச்சுச் சொல்லுங்க."

கலியோவா யோசித்தான். யோசித்தான் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் அவன் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் தம்பியின் கால். இன்னொரு பக்கம் சனிக்கிழமை, தலைவர் ஆசனம், கண்ணாடி ஜன்னல். மூடிய கடலில் திருடினவனை எந்த ஊர் தலைவனாக உட்காரவைக்கும்?

"மரந்தான்" என்றான்.

*

வாசலுக்கு வெளியே வலேசி நின்றிருந்தாள். அண்ணனும் தம்பியும் உள்ளே இருக்கிற இடத்துக்குள் அவள் வர முடியாது. லூசியானாவின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"அண்ணி, அந்த மரத்துல ஒரு காய்கூடக் கிடையாது. வியாழக்கிழமை வந்த விருந்தாளிக்கு நாந்தான் தொரட்டி வெச்சு மொத்தத்தையும் பறிச்சேன். நீங்கதான கூடையப் புடிச்சீங்க?"

லூசியானா கையை விடுவித்துக்கொண்டாள்.

"ராவு நெத்தியப் பாத்தீங்களா? வட்டமா தடம். தண்ணிக்கண்ணாடி போட்ட தடம். அண்ணி, போய் அண்ணன்கிட்டக் கேளுங்க. வலேசி கேக்கறான்னு சொல்லுங்க. எங்க எறங்கினான், எவ்வளவு ஆழம்னு மட்டும் கேளுங்க. யாருக்கும் சொல்ல மாட்டேன். நர்ஸம்மா காதுல மட்டும் போடறேன்."

"சரிடி. கேக்கறேன், இரு."

லூசியானா வைத்தியசாலைக்குப் பின்னால் போனாள். அங்கே கலியோவா இல்லை. சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். இதை அவளே பிற்பாடு என் மடியில் தலைவைத்து அழுதுகொண்டு சொன்னாள். தன் மனதுக்குள் அப்போது ஓடியது ராவுவின் முகம் இல்லை என்றும், அந்தக் கோழி உட்காருகிற சுவர்தான் என்றும் சொன்னாள். எனக்கு அவளை அறையவும் தோன்றியது, அணைத்துக்கொள்ளவும் தோன்றியது.

திரும்பி வந்தாள்.

"கேட்டேண்டி. மரந்தான்ங்கறாரு. உச்சியில ஒரு காய் இருந்துச்சாம், அதப் பறிக்கத்தான் ஏறினானாம்."

வலேசி அண்ணியின் முகத்தையே பார்த்தாள். பிறந்த வீட்டில் பெண்ணுக்கு இருக்கிற ஒரே வாய் அண்ணியின் வாய். அதை நம்பித்தான் ஆக வேண்டும். நம்பினாள். அப்படி நம்பி, மதியச் சாப்பாடு முடிகிறவரைக்கும் வெளியே மண்ணில் உட்கார்ந்திருந்தாள்.

அந்த நேரத்தை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

*

சாப்பிட்டுவிட்டு ஊர் முழுக்கப் படுத்துவிட்டது. உள்ளே ராவு முனகுகிற சத்தம் கேட்டது. உனாய்சி தண்ணீர் எடுத்துவரப் போயிருந்தாள். நான் அவனுக்கு விசிறிக்கொண்டிருந்தேன்.

வாசலில் நிழல் விழுந்தது. வலேசி. உள்ளே வந்து, தம்பியின் தலைமாட்டில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"ராவு" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ராவு கண்ணைத் திறந்தான். அவள் வாயிலிருந்து தன் பெயரைக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்றோ.

"எங்கடா எறங்கின? என்னைப் பாத்துச் சொல்லு."

"வேணாங்க்கா. பேசாதீங்க. தப்பு."

"தப்பாவே இருக்கட்டும். உன்ன இடுப்புல வெச்சுத் தூக்கினவ கேக்கறேன். சொல்லு."

"சொல்லி என்ன ஆகப் போவுது?" அவன் கண்ணிலிருந்து நீர் காதுக்குள் இறங்கியது. "அப்பா என் காலப் புடிச்சுட்டாருக்கா. அவருக்கு மூடின கடலுக்குள்ளயே போய் எடுத்தேன். அவரு உடுவாரா? இதுக்கு ஊசி போட்டு என்ன, சுவாவுக்குப் போயி என்ன? எனக்கு வேண்டியதுதான்."

அதற்காகத்தான் வாயைத் திறக்காமல் கிடந்திருக்கிறான், மடையன்! அண்ணனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பது பாதி. செத்துப்போன அப்பா கொடுத்த தண்டனை, அதை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது மீதி.

வலேசி அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"அப்பா உன் காலப் புடிப்பாராடா? உனக்கு முள்ளு குத்தினா உக்காந்து ஊதி எடுத்தவருடா அவரு! அவரு புடிச்சா உன்னையா புடிப்பாரு, உன்னைய எறக்கி உட்டவன புடிக்க மாட்டாரு? எத்தன தடவ எறங்கின?"

"மூணு" என்றான்.

"ஆழம்?"

"குழாய் முழுசும் போச்சுக்கா."

தண்ணீர்க் குடத்தோடு வாசலில் நின்ற உனாய்சி அதைக் கேட்டாள். குடத்தை அப்படியே கீழே போட்டாள்.

"படகு! யாரோட படகு இருக்கு? வேகமா போற படகு!"

வேகமாகப் போகிற படகு எங்கள் ஊரில் ஒன்றே ஒன்றுதான். கலியோவாவின் படகு.

*

கரைக்கு ஓடினோம். பலகையோடு ராவுவைத் தூக்கிக்கொண்டு நாலு பேர், பின்னால் தூக்கத்திலிருந்து எழுந்த பாதி ஊர். ஆற்று வாயில் படகு கட்டுகிற இடத்தில் கயிறு மட்டும் கிடந்தது. படகு இல்லை.

"அதோ" என்றார் முன்னால் போன பெரியவர் ஒருவர். அவர் கலியோவாவின் சித்தப்பா. சனிக்கிழமை அவனை ஆசனத்தில் உட்காரவைத்து, கையில் யங்கோனா என்கிற வேர்ச்சாற்றுக் கிண்ணத்தைக் கொடுக்கப் போகிறவர் அவர்தான்.

மூடிய திட்டின் நடுவில், அப்பாவின் கம்பத்துக்குப் பக்கத்தில் படகு நின்றது. கடல் வற்றிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் வற்றினால் கம்பத்தின் அடி வெளியே தெரியும், மூட்டையும் தெரியும். வெயிலில் அட்டை கெட்டும் போகும். எல்லாரும் தூங்குகிற நேரம் பார்த்து எடுக்கப் போய்விட்டான். தம்பி பலகையில் கிடக்கிறபோது!

கரையில் இத்தனை பேரைப் பார்த்ததும் அவன் குனிந்த நிலையிலேயே ஒரு நிமிஷம் அசையாமல் இருந்தான். பிறகு எஞ்சினைத் தட்டி, ஆற்று வாயைச் சுற்றி வராமல், நேராகத் திட்டுக்குக் குறுக்கே கரைக்கு விட்டான். பாதி தூரம்கூட வரவில்லை. அடியில் பவளம் உரசுகிற சத்தம் கரைவரைக்கும் கேட்டது. படகு நின்றுவிட்டது. மூன்று மூட்டை ஈர அட்டை, சும்மாவா? படகின் விளிம்பு தண்ணீரோடு தண்ணீராக இருந்தது.

"தண்ணி ஏற ராத்திரி ஆயிடும்" என்றார் சித்தப்பா. அவர் குரலில் உயிரே இல்லை.

யாரும் அசையவில்லை. முன்னால் இருப்பது மூடிய கடல். கால் நனைக்கக் கூடாது. இன்னும் ஒரு வாரத்துக்கு நனைக்கக் கூடாது.

வலேசி தண்ணீருக்குள் இறங்கினாள்.

முழங்கால்வரை போய் நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினாள்.

"கலியோவா! மூட்டையத் தூக்கிப் போடு!"

நானும் ஊரில் பல சண்டை பார்த்திருக்கிறேன். ஒரு தங்கை அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பக்கத்தில் நின்ற கிழவிகள் முகத்தை மூடிக்கொண்டார்கள். கலியோவாவும் அடிபட்டவன் போலத் திரும்பினான்.

"தூக்கிப் போடுறா! தம்பி கால் போகுதுடா!"

ஒரு மூட்டையைத் தூக்கிப் போட்டான். பிறகு இன்னொன்று. படகு கொஞ்சம் எழும்பியது, ஆனால் நகரவில்லை. மூன்றாவது மூட்டையின்மேல் கை வைத்தான். கையை எடுக்கவில்லை.

"இது அப்பா விருந்துக்கு!" என்று கத்தினான். "இத ஒண்ண மட்டுமாச்சும் விடு! இது அப்பாவுக்கு!"

வலேசி நடந்தாள். பவளம் காலைக் கிழிக்கிறது, பாவாடை நனைந்து இழுக்கிறது, விழுந்து எழுந்து நடந்தாள். அவளுக்குப் பின்னால் முதலில் இறங்கியது யார் என்று கேட்காதீர்கள், எனக்கு ஞாபகம் இல்லை. கொஞ்ச நேரத்தில் பெண்கள் எல்லாருமே தண்ணீரில் இருந்தோம். சித்தப்பா தடுக்கவில்லை.

படகை எட்டியதும் வலேசி அந்த மூட்டையின் வாய்க்கட்டைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். கலியோவா அவள் கையைப் பிடிக்க வந்தான். தங்கையைத் தொடக் கூடாது என்பது அப்போது ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது, கை அந்தரத்தில் நின்றது. அவள் மூட்டையைக் கவிழ்த்தாள். வழவழவென்று அத்தனையும் தண்ணீருக்குள் போயிற்று. நாங்கள் எல்லாரும் படகுக்குத் தோள் கொடுத்தோம். எஞ்சினை மேலே தூக்கிக்கொண்டு கலியோவாவும் இறங்கித் தள்ளினான். படகு பவளத்தைவிட்டு இறங்கி ஆழமான வாய்க்காலில் மிதந்தபோது என் உள்ளங்காலில் தோலே இல்லை.

கரைக்கு வந்து, ராவு கிடந்த பலகையைப் படகில் ஏற்றினோம். நான் பலகையின் ஒரு மூலையைப் பிடித்தபடி படகோரத்திலேயே நின்றேன். வற்றுகிற கடலில் வழி தெரிந்து ஓட்ட ஊரில் கலியோவாவை விட்டால் ஆள் இல்லை. அதனால் சுக்கானில் அவனேதான் உட்கார வேண்டியிருந்தது. அவன் காலுக்கு நேரே ராவுவின் இரண்டு பாதங்களும் இருந்தன. வலேசி தலைமாட்டிலும் உனாய்சி கால்மாட்டிலும் உட்கார்ந்தார்கள்.

யாரோ "அடிப்பாவி" என்றார்கள். திரும்பிப் பார்த்தேன். திட்டின்மேல் லூசியானா தனியாகக் குனிந்து நின்றாள். கவிழ்த்த அட்டைகளைத் தேடித் தேடிப் பொறுக்கி, தூக்கிச் செருகின பாவாடைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். சித்தப்பா அவளை நோக்கித் தண்ணீருக்குள் நடந்துகொண்டிருந்தார். ஓலை கட்டிய அந்தக் கம்பத்தை முதலில் போய்ப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தார்.

எஞ்சின் உறுமியது.

"அக்கா" என்றான் ராவு. காலையிலிருந்து சுருங்கிக் கிடந்த முகம் தெளிந்திருந்தது. "வலி போயிடுச்சுக்கா. சுத்தமா இல்ல. அப்பா விட்டுட்டாரு."

கலியோவாவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "பாத்தியா! நான் சொன்னேன்ல, ஒண்ணுமில்லன்னு? சனிக்கிழமை விருந்துக்கு நீதாண்டா பன்னி சுமக்கணும்!"

வலேசி தம்பியின் நெற்றியைத் துடைத்துவிட்டுச் சிரித்தாள். அவள் உனாய்சி பக்கம் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். உனாய்சி ராவுவின் கால் கட்டைவிரலை நகம் பதியக் கிள்ளிக்கொண்டிருந்தாள். ரத்தம் வந்துவிட்டது. ராவு அக்காவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான்.